வெந்தயக் கூடையும் வீட்டு பிளாஸ்டிக்கும்



சோளமாவு, வினிகர், கிளிசரின் மூன்றையும் தண்ணீரில் கலந்து காய்ச்சி, தட்டில் ஊற்றிக் காயவைத்தால் பிளாஸ்டிக் போன்ற தகடு கிடைக்கும். மண்ணில் போட்டால் மக்கிவிடும். புதுக் கண்டுபிடிப்பு என்று நினைக்கிறீர்களா? பிளாஸ்டிக்கின் கதையே இப்படித்தான் தொடங்கியது.

1862-ல் லண்டன் கண்காட்சியில் அலெக்சாண்டர் பார்க்ஸ் காட்டிய பார்க்கசின், தாவர செல்லுலோசிலிருந்து செய்தது. 1890களின் கடைசியில் ஜெர்மனியில் பால் புரதத்திலிருந்து கலாலித் வந்தது. சட்டைப் பொத்தான்கள் அதில்தான் செய்தார்கள். முழுக்கச் செயற்கையான பேக்கலைட் 1907-ல்தான் வந்தது.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். ஆத்தங்குடி என்றால் எல்லோருக்கும் தரையில் பதிக்கும் கல்தான் ஞாபகம் வரும். சுவரையும் பாருங்கள். செட்டிநாட்டு வீடுகளின் பூச்சில் சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காயும் சேர்ந்திருக்கும். சமையலறைப் பொருளே கட்டுமானப் பொருள்!

வெந்தயக் கூடையும் அப்படித்தான். தமிழ்நாட்டு வீடுகளில் பழைய காகிதத்தை ஊறவைத்து, வெந்தயத்தோடு ஆட்டுக்கல்லில் அரைப்பார்கள். கவிழ்த்த பாத்திரத்தின் மேல் அந்தக் கூழை அப்பி, வெயிலில் காயவைத்து எடுத்தால் கூடை ரெடி. முறத்தின் இடுக்குகளை அடைக்கவும் இதே கூழ்தான். வெந்தயத்தின் கொழகொழப்பு காகித நாரை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது.

பிறகு ஏன் மறைந்தது? தண்ணீர் பட்டால் ஊறிப்போகும். பிளாஸ்டிக் வாளியோ கழுவலாம், மலிவு. சோளமாவுத் தகட்டுக்கும் இதே பலவீனம் உண்டு. அதில் டம்ளர் செய்தால் தோல்விதான். நாற்றுத்தொட்டி செய்தால், செடியோடு அப்படியே மண்ணில் புதைத்துவிடலாம். பலவீனமே பலமாகிவிடும்.

வணிகவியல் மாணவனாக எனக்குப் படுவது இன்னொன்று: வாங்க ஆள் வேண்டும். பனையோலைக் கொட்டானும் மக்கும் பொருள்தான், அதுவும் அழியும் நிலைக்குப் போனது. விசாலாட்சி ராமசாமியின் எம்.ஆர்எம்.ஆர்எம். கலாச்சார அறக்கட்டளை கிராமத்துப் பெண்களுக்குப் பின்னப் பயிற்சி கொடுத்து, விற்பனைக்கும் வழி செய்தது. கொட்டான் பிழைத்தது, புவிசார் குறியீடும் பெற்றது. வெந்தயக் கூடைக்கும் அப்படி யாராவது வர வேண்டும்.

ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தமிழக அரசு 2019 ஜனவரி 1 முதல் தடை போட்டது. இடம் காலியாக இருக்கிறது. செய்முறை உங்கள் வீட்டு அப்பத்தாவுக்கோ ஆயாவுக்கோ தெரிந்திருக்கலாம். அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள், ப்ளீஸ்!