ஒரே கறுப்பு உடை, ஒரே பழைய பைபிள்

ஒருத்தி இறக்கும்போது உலகிலேயே பெரும் பணக்காரி என்று பத்திரிகைகள் எழுதின. இன்னொருத்தி ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டு, ஊரார் துணியைத் துவைத்தே வயதானவள். இருவரும் அமெரிக்கர்கள். இருவரும் காசு விஷயத்தில் எச்சில் கையால் காக்கை ஓட்டாதவர்கள் என்று நம் ஊரில் பெயர் வாங்கியிருப்பார்கள். ஆனால் ஹெட்டி கிரீன் கஞ்சத்தனத்துக்கு உதாரணமாகக் கின்னஸ் புத்தகம் வரை போனார். ஒசியோலா மெக்கார்ட்டிக்கு ஜனாதிபதி பதக்கம் கிடைத்தது.

ஹெட்டி 1834இல் மாசசூசெட்ஸின் நியூ பெட்ஃபர்டில், திமிங்கில வேட்டைக் கப்பல்களால் செழித்த குவேக்கர் குடும்பத்தில் பிறந்தவர். அப்பாவின் சொத்தைப் பங்கு, கடன் பத்திரம், ரயில்வே, நிலம் என்று போட்டுப் பெருக்கினார். 1916இல் இறந்தபோது அது 10 கோடி டாலர் அளவில் இருந்தது. அவருடைய கறுப்பு உடை நியூயார்க் முழுவதும் பிரசித்தம். தனி அலுவலகத்துக்கு வாடகை கொடுக்காமல், பணம் போட்டிருந்த வங்கியிலேயே ஒரு மேசையில் உட்கார்ந்து தொழில் பார்த்தார். வரி கட்டும் முகவரி எதுவும் நிலைத்துவிடாதபடி ஹோபோகனிலும் புரூக்லினிலும் சாதாரண வாடகை அறைகளில் மாறி மாறிக் குடியிருந்தார். அவரைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள்: உடையைச் சலவைக்குப் போடும்போது, மண்ணில் புரளும் கீழ் ஓரத்தை மட்டும் துவைத்தால் போதும், சோப்பு மிச்சம் என்று சலவைக்காரிக்குச் சொல்லி அனுப்புவாராம்.

அந்தச் சலவைக்காரியின் பக்கம் நின்று பார்த்தால்தான் இரண்டாவது பெண்மணி புரிவார். ஒசியோலா 1908இல் மிசிசிப்பியில் பிறந்த கறுப்பினப் பெண். நடக்க முடியாமல் படுத்த உறவினரைக் கவனித்துக்கொள்ளப் படிப்பை நிறுத்தியவர், ஹாட்டிஸ்பர்க் ஊரில் வீட்டு முற்றத்தில் அண்டாவில் வெந்நீர் காய்ச்சி, பலகையில் தேய்த்துத் துவைத்து, இஸ்திரி போட்டுக் கொடுத்தார். சலவை இயந்திரம் ஒன்றை வாங்கிப் பார்த்தார். அது வெளுப்பது தன் கைக்கு ஈடாகவில்லை என்று பழையபடி பலகைக்கே திரும்பினார். இதைச் சிக்கனம் என்று எப்படிச் சொல்வது? அடுத்தவர் துணி என்பதால் தன் முதுகை வளைத்துச் செய்த தாராளம் அது.

தனக்கென்று வரும்போதுதான் அவர் இறுக்கினார். கார் கிடையாது, எங்கும் நடைதான். கறுப்பு வெள்ளை டிவி ஒன்று. தாள் உதிர்ந்த பைபிளை டேப் ஒட்டி வைத்திருந்தார். மிசிசிப்பி வெயில் நம் வேலூர் வெயிலுக்குச் சளைத்ததல்ல. வங்கிக்காரர்கள் வற்புறுத்தித்தான் ஏசி வாங்கினார், அதையும் விருந்தாளி வந்தால்தான் போடுவார். எனக்கு அவர் பின்னாளில் ஒரு பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்த நன்கொடையைவிட இந்த ஏசி பெரிதாகப் படுகிறது. ஹெட்டி மிச்சம் பிடித்தபோது விலையில் ஒரு பகுதியைச் சலவைக்காரியோ, ஊரின் வரிக் கணக்கோ கொடுத்தது. ஒசியோலா பிடித்த மிச்சத்துக்கு அவரைத் தவிர வேறு யாரும் வியர்க்கவில்லை.

ஹெட்டிக்கு நியாயம் செய்வதானால், அவர் மீது ஏற்றிய பழிகளில் பாதி ஊர்வாய்தான். வால் ஸ்ட்ரீட்டின் சூனியக்காரி என்று பட்டம் கட்டியவர்கள், அதே காலத்தில் அதே அளவு கஞ்சமாக வாழ்ந்த ஆண்களை அந்த வார்த்தையால் அழைக்கவில்லை. மகன் நெட்டின் அடிபட்ட காலுக்கு ஏழை வேடம் போட்டு இலவச மருத்துவம் தேடினார், அதனால்தான் அந்தக் காலை எடுக்க நேர்ந்தது என்பது மிகவும் புழங்கும் கதை. அவர் பல மருத்துவர்களிடம் காட்டியவர்தான் என்று வரலாறு எழுதியவர்கள் மறுக்கிறார்கள். 1907 நிதி நெருக்கடியில் நியூயார்க் நகராட்சிக்கே கடன் கொடுத்துத் தாங்கியவர்களில் அவரும் ஒருவர். கணவர் எட்வர்ட் கிரீன் வைத்த கடனையும் ஏற்றுக்கொள்ள நேர்ந்தது. அதன் பிறகு அவரைவிட்டுப் பிரிந்தே வாழ்ந்தார் என்பது வேறு கதை.

ஊர்வாய் எல்லாவற்றையும் தள்ளிவிட்டாலும் ஒரு வழக்கு மிஞ்சுகிறது. 1865இல் ஹெட்டியுடைய அம்மாவின் சகோதரி சில்வியா ஹௌலண்ட் இறந்தார். சொத்தில் பெரும் பங்கை ஊருக்கும் ஏழைகளுக்கும் பிறருக்கும் எழுதி, மீதியின் வருமானத்தை ஹெட்டிக்கு விட்டிருந்தார். அப்பாவின் சொத்தே ஏராளமாக வந்திருந்த ஹெட்டி, எல்லாம் தனக்கே என்று சொல்லும் முந்தைய உயிலைக் காட்டி வழக்குத் தொடுத்தார். அதோடு இருந்த கையெழுத்து அசல் கையெழுத்தின் மேல் வைத்து வரைந்தது என்று எதிர்த்தரப்பு சொன்னது. ஹார்வர்டு கணிதப் பேராசிரியர் பெஞ்சமின் பியர்ஸ், இரண்டு கையெழுத்துகள் இப்படி அச்சடித்தாற்போல் ஒத்துப்போவது இயல்பில் நடக்காது என்று கணக்குப் போட்டுச் சாட்சி சொன்னார். கையெழுத்தைப் பற்றி நீதிமன்றம் முடிவு சொல்லவில்லை. வேறு சட்டக் காரணத்தால் 1868இல் வழக்கு தோற்றது. கையெழுத்து எதுவானாலும், ஏழைகளுக்குப் போகும் காசைத் தடுக்கப் பல ஆண்டு நீதிமன்றம் ஏறியது உண்மை. அதற்குச் செலவழிக்க அவர் யோசிக்கவே இல்லை.

ஒசியோலாவின் சேமிப்பு இரண்டரை லட்சம் டாலர் ஆனபோது, வங்கி அதிகாரி பத்துச் சில்லறை நாணயங்களை மேசையில் வைத்து, எது யாருக்கு என்று கேட்டார். ஒன்று தேவாலயத்துக்கு, மூன்று உறவினருக்கு, ஆறு தெற்கு மிசிசிப்பிப் பல்கலைக்கழகத்துக்கு. 1965 வரை கறுப்பினத்தவர் யாரையும் சேர்க்காத பல்கலைக்கழகம் அது. 1995இல் ஒன்றரை லட்சம் டாலர் அறிவிப்பு வெளியானது. உதவித்தொகை பெற்ற முதல் மாணவியின் குடும்பம் அவரைப் பாட்டியாகவே ஏற்றுக்கொண்டது. 1999இல் சாகும்வரை அந்த உறவு இருந்தது.

கடைசியில் யார் அதிகம் கொடுத்தது என்று கூட்டிப் பார்த்தால் ஹெட்டிதான் வெல்வார். அவருடைய மகள் சில்வியா 1951இல் இறந்தபோது சொத்தில் பெரும்பகுதி கல்லூரி, மருத்துவமனை, நூலகம் என்று பல நிறுவனங்களுக்குப் போனது. ஒசியோலா கொடுத்ததைப் போலப் பல நூறு மடங்கு அது. ஆனால் அந்தப் பட்டியல் மகள் போட்டது. ஹெட்டி தன் உயிலில் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் இரண்டு பிள்ளைகளுக்கே எழுதிவைத்தார்.