பீரியட்ஸ் தள்ளிப்போனால்: காரணம் மூன்று வாரத்துக்கு முன்னால் இருக்கலாம்

'நாள் தள்ளிப்போயிருக்கு' என்று தமிழ் சினிமாவில் ஒரு பெண் சொன்னால் அதற்கு ஒரே அர்த்தம்தான். நிஜத்தில் அர்த்தங்கள் நிறைய. ஆனாலும் சினிமா சொல்வதைத்தான் முதலில் சரிபார்க்க வேண்டும். ஏன் என்று பிறகு பார்ப்போம்.

உண்மையிலேயே லேட்டா?

உங்கள் ஆப் '4 நாள் லேட்' என்று காட்டுகிறதா? அது பழைய தேதிகளை வைத்துப் போட்ட சராசரிக் கணக்கு, அவ்வளவுதான். 28 நாள் என்பதும் பாடப்புத்தக எண். ஒரு ஆப்பில் பதிவான 6 லட்சத்துக்கும் அதிகமான மாதவிடாய் சுழற்சிகளை அலசிய ஆய்வு 2019-ல் வெளியானது. அதில் சராசரி 29.3 நாள். சரியாக 28 நாள் வந்தது சுமார் 13% மட்டுமே. 24 முதல் 38 நாள் வரை இயல்பு என்கிறது மகப்பேறு மருத்துவர்களின் சர்வதேசக் கூட்டமைப்பான ஃபிகோ. மாதத்துக்கு மாதம் ஒரு வாரம் முன்பின் ஆவதும் இதில் அடக்கம்.

சுழற்சியின் முதல் பாதியில் சினைப்பையில் கருமுட்டை வளர்ந்து வெளியாகிறது. அதிலிருந்து ஏறத்தாழ 12-14 நாளில் ரத்தப்போக்கு தொடங்கும். இரண்டாம் பாதி பெரிதாக மாறாது. இழுபறி எல்லாம் முதல் பாதியில்தான். அதாவது, பெரும்பாலும் லேட்டாவது முட்டை. பீரியட்ஸ் அதன் பின்னால் வருகிறது.

அதனால் இன்று ஒரு வாரம் லேட் என்றால், மூன்று வாரத்துக்கு முன்னால் என்ன நடந்தது என்று யோசியுங்கள். ப்ராஜெக்ட் டெட்லைனா? நைட் ஷிஃப்ட்டா? காய்ச்சலா? கல்யாணத்துக்கு இளைக்க ஆரம்பித்த கிராஷ் டயட்டா? உடம்புக்கு சாப்பாடும் ஓய்வும் போதவில்லை என்றால், முட்டைக்கான சிக்னலை மூளை தள்ளிப்போடும்.

முதலில் டெஸ்ட்

காண்டம் இருந்தது, அவசர மாத்திரை போட்டாச்சு என்றாலும் கர்ப்பப் பரிசோதனை கிட் வாங்குங்கள். நூறு ரூபாய்க்குள்ளேயே கிடைக்கும். காலை முதல் சிறுநீரில் பாருங்கள். நெகட்டிவ் வந்து, பீரியட்ஸும் வரவில்லை என்றால் ஒரு வாரம் கழித்து மறுபடி பாருங்கள்.

அவசரத்துக்குக் காரணம் ஒரு கணக்கு. கர்ப்பத்தின் வாரங்கள் கடைசி பீரியட்ஸின் முதல் நாளிலிருந்து எண்ணப்படுகின்றன. ஒரு வாரம் லேட் என்று நீங்கள் கவனிக்கும்போதே கணக்கில் 5 வாரம் ஆகிவிட்டது. இந்தியாவில் மாத்திரை மூலம் கருக்கலைப்பு 9 வாரம் வரைதான், அதுவும் டாக்டர் மேற்பார்வையில். 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்து போதும். 18 வயது நிறைந்த பெண்ணுக்கு அவர் சம்மதம் மட்டுமே தேவை. கணவர், பெற்றோர் கையெழுத்து சட்டத்தில் இல்லை. திருமணமாகாதவர்களைப் பிரித்துப் பார்க்கக்கூடாது என்று 2022-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

நாள் தள்ளிப்போய், அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடும் வலி, லேசான ரத்தக்கசிவு, தலைசுற்றல் இருந்தால் காத்திருக்காதீர்கள். கருப்பைக்கு வெளியே கரு தங்கியிருக்கலாம். அது உயிருக்கே ஆபத்து. உடனே எமர்ஜென்சிக்குப் போங்கள்.

மெடிக்கல் ஷாப்பில் 'பீரியட்ஸ் வர மாத்திரை' கேட்டு வாங்கும் பழக்கமும் உண்டு. கர்ப்பமாக இருந்தால் அதனால் பீரியட்ஸ் வராது, நாள்தான் போகும். எள்ளுருண்டை, பப்பாளி கதையும் அதேதான்.

மற்ற காரணங்கள்

அவசர கருத்தடை மாத்திரை அடுத்த பீரியட்ஸை ஒரு வாரம் வரை நகர்த்தலாம். கோயில், கல்யாணம் என்று தள்ளிப்போட எடுக்கும் மாத்திரையை நிறுத்தினால் வழக்கமாக இரண்டு மூன்று நாளில் வந்துவிடும். அரசு மருத்துவமனைகளில் போடும் 'அந்தரா' ஊசியால் மாதக்கணக்கில் வராமலும் இருக்கலாம். பலரும் யோசிக்காத ஒன்று, அசிடிட்டி மாத்திரைகள் சிலவற்றில் சேர்ந்திருக்கும் டோம்பெரிடோன். இது ப்ரொலாக்டின் ஹார்மோனை ஏற்றும். மனநல மருந்துகள் சிலவும் அப்படித்தான். அவற்றை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

திரும்பத் திரும்பத் தள்ளிப்போனால் சந்தேகப்படவேண்டியது தைராய்டு, ப்ரொலாக்டின், பிசிஓஎஸ். நம்மூரில் பிசிஓடி என்கிறோமே, அதுதான்; ஏறத்தாழ பத்தில் ஒரு பெண்ணுக்கு இருக்கிறது. ஆனால் ஸ்கேனில் 'நீர்க்கட்டி' என்று எழுதியிருப்பது மட்டும் பிசிஓஎஸ் ஆகாது. அவை பெரும்பாலும் முதிராத முட்டைப் பைகள். ஒழுங்கற்ற பீரியட்ஸ், ஆண் ஹார்மோன் அதிகரிப்பு, ஸ்கேனில் தெரியும் மாற்றம் ஆகிய மூன்றில் இரண்டாவது வேண்டும்.

டாக்டரிடம் எப்போது?

ஒழுங்காக வந்துகொண்டிருந்தவர்களுக்கு மூன்று மாதம் வராவிட்டால் போகவேண்டும். முன்பே ஒழுங்கில்லாதவர்களுக்கு அதிகபட்சம் ஆறு மாதம். ஆப்பில் இருக்கும் தேதிகளையும், சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலையும் எடுத்துப் போங்கள்.

அங்கே 'கல்யாணம் ஆயிடுச்சா?' என்று கேட்பார்கள். பல நேரம் அது உடலுறவு பற்றிய கேள்வி, சுற்றி வளைத்துக் கேட்பது. 'இல்லை' என்று மட்டும் சொன்னால் கர்ப்ப டெஸ்ட்டையே விட்டுவிடக்கூடும். 'ஆகலை, ஆனா கர்ப்பத்துக்கு வாய்ப்பு இருக்கு' என்று நேராகவே சொல்லுங்கள்.