கடல்கோள் என்பது அலையா?

ஆண்டுதோறும் டிசம்பர் 26 நெருங்கும்போது ஒரு பிழையும் கூடவே கரையேறிவிடுகிறது. ‘சுனாமி’ என்ற ஜப்பானியச் சொல்லுக்குத் தமிழ் ‘கடல்கோள்’ என்று நினைவுநாள் கட்டுரைகள் எழுதுகின்றன. இன்னொரு சாரார், தமிழில் அதற்குச் சொல்லே இருந்ததில்லை, 2004க்குப் பிறகுதான் ‘ஆழிப்பேரலை’ கிடைத்தது என்பார்கள். எதிரெதிராக நிற்பதுபோல் தோன்றினாலும் இரு தரப்பும் இடறுவது ஒரே கல்லில்தான். பெயர் வேண்டியது அலைக்குத்தான் என்று இருவருமே நம்புகிறார்கள்.

ஜப்பானிய மொழியில் ‘த்சு’ என்றால் துறைமுகம், ‘நாமி’ என்றால் அலை. ஆழிப்பேரலையும் அலையைத்தான் சொல்கிறது. நல்ல ஆக்கம், அதனோடு சண்டையில்லை. ஆனால் கடல்கோள் என்ற சொல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாலும் அதற்குள் அலை கிடையாது. கடல் இருக்கிறது, அது எடுத்துக்கொண்டது என்ற செய்தி இருக்கிறது. எவ்வாறு எடுத்தது என்பதைச் சொல் வெளியே விட்டுவிட்டது.

இந்த வேறுபாட்டை ஏட்டிலே தேடுவதற்கு முன் நிக்கோபாரிலே பார்க்கலாம். 2004 டிசம்பர் 26 காலை, இந்திய நேரம் 6.29க்குச் சுமத்ராவின் மேற்கே தொடங்கிய நிலமுறிவு ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் வடக்காக ஓடி அந்தமான்வரை வந்தது. கிரேட் நிக்கோபாரின் தென்கோடியான இந்திரா முனை 4.25 மீட்டர் கீழே இறங்கியது. அங்கே 1972இல் எழுப்பிய கலங்கரை விளக்கம் தரையில் நின்றிருந்தது. அன்றைக்குப் பிறகு அதன் அடி நீருக்குள். அலைகள் வந்த வழியே போய்விட்டன. கடல் மட்டும் போகவில்லை.

அந்தத் தீவுகளின் அலையாத்திக் காடுகள் இதற்கு இன்னும் கூர்மையான சான்று. அலையை ஆற்றுவதால் அலையாத்தி என்று ஊரார் தரும் விளக்கம் சரியோ தவறோ, ஆழிப்பேரலை மோதிய பிறகும் பல மரங்கள் நின்றன. நிலம் தாழ்ந்துபோனதால் நீர் வடியாமல் தேங்கியது. மூச்சுவிடும் வேர்கள் நிரந்தரமாக மூழ்கின. நின்ற நிலையிலேயே காடு செத்து, சாம்பல் நிறக் கட்டைகளாக ஆண்டுக்கணக்கில் நின்றது. அக்காட்டின் பெரும்பகுதியைக் கொன்றது அலையா? கடல் கொண்டது என்று சொன்னால்தான் வழக்கு சரியாக முடிகிறது.

இனி இலக்கணம். ‘கொள்’ என்ற வினை முதல் நீண்டு ‘கோள்’ ஆகும். கெடு கேடு, படு பாடு, சுடு சூடு, பெறு பேறு என்ற வரிசையில் வருவது. முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்று பள்ளியிலேயே படித்ததுதான். குறிக்கோள், மேற்கோள், வேண்டுகோள் எல்லாம் இந்தக் குடும்பம்.

குடும்பத்தின் மூத்த பிள்ளை ‘ஆகோள்’. தொல்காப்பியம் வெட்சித் திணையில் பகைவரின் ஆநிரையைக் கவர்வதை இப்பெயரால் குறிக்கிறது. தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் கண்டெடுத்த நடுகல்லில், தமிழ்ப் பிராமி எழுத்தில் இதே ‘ஆகோள்’ வெட்டப்பட்டிருக்கிறது. இந்திய மண்ணில் கிடைத்த எழுத்துள்ள நடுகற்களில் மிகப் பழையவற்றுள் ஒன்று அது. கோள் என்ற சொல் ஒரு சாவுக்கல்லின் மேல் முதலில் நமக்குக் காட்சி தருகிறது என்பதைத் தற்செயல் என்று ஒதுக்கிவிட முடியாது. ஆகோளில் எவ்வாறு கவர்ந்தார்கள், வில்லாலா வேலாலா என்று சொல் பேசுவதில்லை. ஒருவர் கொண்டார், ஒருவர் இழந்தார், இடையில் ஒருவன் மாண்டு கல்லானான். கடல்கோள் இதே அச்சில் வார்த்த சொல். கவர்பவன் இருந்த இடத்தில் கடல் நிற்கிறது. ஆநிரை இருந்த இடத்தில் ஊர் நிற்கிறது.

வானத்துக் கோளுக்கும் வேர் இதுவே. கோள் என்றால் உருண்டை, ஆகவே உலகம் உருண்டை என்று பண்டைத் தமிழர் அறிந்திருந்தனர் என்று மேடைகளில் முழங்குகிறார்கள். கோளத்தையும் கோளையும் குழப்பிய முழக்கம் அது. கதிரவனிடம் ஒளியைக் கொள்வதால் கோள் என்பாரும் உளர். ஒன்பது கோள்களின் வரிசையில் கதிரவனே முதலில் இருப்பதை அவர்கள் மறந்துவிட்டார்கள். மனிதரைப் பற்றுவது கோள். வடமொழியில் ‘கிரகம்’ என்பதும் பற்றுதல் என்ற வினையிலிருந்தே பிறந்தது. பாம்பு நிலவைக் கொள்ளும். நோய் உடலைக் கொள்ளும். பற்றிக்கொண்டது எளிதில் விடாது என்ற அச்சம் எல்லா இடத்திலும் உண்டு.

பழைய நூல்களில் கடல் ஊரை அழித்த செய்தி பெரும்பாலும் வினையாகவே வருகிறது. இறையனார் களவியல் உரைகாரர் முதற்சங்கம் இருந்த மதுரையைக் கடல்கொள்ளப்பட்டது என்று குறிக்கிறார். சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதை பஃறுளியாற்றையும் குமரிக்கோட்டையும் கொண்ட கடலைச் சொல்ல, அடியார்க்கு நல்லார் அதற்கு எழுநூறு காவதமும் நாற்பத்தொன்பது நாடும் கணக்கெழுதினார். அக்கணக்கை வைத்துக் கண்டமே வரைந்தவர்களோடு இங்கே வழக்கில்லை. நமக்கு வேண்டியது வினை ஒன்றே.

கலித்தொகையின் முல்லைக்கலியில் திரை வருகிறதே என்று ஒருவர் கேட்கலாம். வருகிறது. 104ஆம் பாட்டில் கடல் திரையின்மேல் ஊர்ந்து வந்து பாண்டியனின் மண்ணை ‘வௌவுகிறது’. ஆயினும் அங்கே திரை கடலுக்கு ஊர்தி, வௌவுவது கடல். அடுத்து நடந்ததைத்தான் ஊன்றிப் பார்க்க வேண்டும். மண்ணை இழந்த பாண்டியன் சோழரிடத்தும் சேரரிடத்தும் போய்ப் புலியையும் வில்லையும் நீக்கித் தன் மீனைப் பொறித்தான். கடல் கொண்டதற்கு ஈடாக அவன் பிறர் மண்ணைக் கொண்டான். கோளுக்குக் கோள். இழப்பு ஒரு கணக்காகி, அடுத்தவர் தலையில் இறங்குவதை அந்தப் பாட்டு மறைக்கவில்லை.

மணிமேகலையில் இது இன்னும் நெருக்கமாக வருகிறது. புகாரைக் கடல் கொண்ட கதை எல்லோரும் அறிந்தது. அதே நூலில் ஆதிரையின் கதையைக் கடல்கோளோடு சேர்த்து எண்ணுவோர் குறைவு. சாதுவன் வணிகரோடு கப்பலேறினான், கலம் உடைந்தது. பிழைத்து வந்தவர்கள் அவன் இறந்தான் என்று சொல்ல, உடல் எதுவும் வராத நிலையில் ஆதிரை தீமூட்டிப் புகுந்தாள். தீ சுடவில்லை. சாதுவனோ ஒடிந்த மரத்தைப் பற்றி, நக்கசாரணர் என்னும் நாகர் மலையை அடைந்திருந்தான். அவர்கள் மொழி தெரிந்ததால் உயிர் பிழைத்தான். கலம் கவிழ்ந்து வருவோரைக் கொல்லாதீர்கள், மூத்து விளியும் விலங்கைத் தவிர வேறு உயிரை உண்ணாதீர்கள் என்று தலைவனிடம் கேட்டுக்கொண்டான். பிறகு சந்திரதத்தன் கப்பலில் வீடு திரும்பினான்.

‘நக்க’ என்ற ஒலியைப் பிடித்துக்கொண்டு இத்தீவு நிக்கோபாரே என்று சாதிப்பவர்கள் இருக்கிறார்கள். ஆடையின்மையைக் குறிக்கும் ‘நக்ந’ என்பதன் திரிபே நக்கம். ஏழாம் நூற்றாண்டில் இவ்வழியே கடந்த சீனத் துறவி இ-த்சிங்கும் ஆடையணியாதார் நாடு என்றே ஒரு தீவைக் குறித்தார். இராசேந்திரனின் கடாரப் படையெடுப்பைச் சொல்லும் தஞ்சைக் கல்வெட்டில் ‘மாநக்கவாரம்’ இருக்கிறது. அது நிக்கோபார்தான் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஆடையில்லாத கரை கீழைக்கடலில் ஒன்றா இரண்டா? சாதுவன் ஏறிய மலை எது என்று இந்த ஒரு சொல்லால் முடிவு கட்ட இயலாது.

ஆதிரையின் துன்பம் மட்டும் 2004இல் அப்படியே நக்கவாரத்துக்கு வந்தது. நிக்கோபார்த் தீவுகளில் இறந்தோர் என்று உடல் கிடைத்து எழுதப்பட்டவர்களைவிடக் காணாமல் போனோர் பட்டியல் நீளமானது. அப்போது நடப்பில் இருந்த 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 108ஆம் பிரிவு, ஏழாண்டு செய்தியில்லாதவரைத்தான் இறந்தவராகக் கருத இடம் தந்தது. ஏழாண்டுவரை மனைவி கைம்பெண்ணும் அல்லள், சுமங்கலியும் அல்லள். பிள்ளைக்கு நிலம் மாறாது. உதவித்தொகைக்குச் சான்றிதழ் கிடையாது. அந்தப் பேரிடருக்காக அரசு இந்தக் காத்திருப்பைத் தளர்த்த வேண்டியதாயிற்று. ‘இறந்தார்’ என்ற சொல்லுக்கு உடல் சாட்சி தேவை; ‘கடல் கொண்டது’ என்பதற்குத் தேவையில்லை. உடலில்லாத சாவுக்குத் தமிழ் முன்பே ஒரு வினையை ஒதுக்கி வைத்திருந்தது.

நிக்கோபாரின் கச்சால் தீவை இங்கே சொல்லாமல் விட முடியாது. இலங்கை மலையகத்திலிருந்து தாயகம் திரும்பிய தமிழ்க் குடும்பங்களை ரப்பர்த் தோட்டத்துக்காக 1970களில் அங்கே குடியேற்றினார்கள். தோட்டம் ஒன்றை விட்டு இன்னொரு தோட்டத்துக்குக் கடல் கடந்து வந்தவர்கள் அவர்கள். 2004இல் மிக மோசமாக அடிபட்ட தீவுகளுள் கச்சாலும் ஒன்று.

சொல் உயிரைக் காத்த இடமும் அந்தக் கடலிலேயே இருக்கிறது. சுமத்ராவின் மேற்கே சிமெலுவே தீவு. 1907இல் அங்கே கடல் ஏறி மக்களைக் கொன்றது. ‘ஸ்மோங்’ என்ற ஒற்றைச் சொல்லாக, பாட்டாகவும் பாட்டி கதையாகவும் அந்நினைவு நின்றது: நிலம் ஆடும், கடல் உள்வாங்கும், குன்றுக்கு ஓடு. 2004இல் ஏறத்தாழ 78,000 பேர் இருந்த தீவில் ஏழு பேரே மாண்டனர்.

நிக்கோபாரில் அப்படியொரு சொல் எங்கே போயிற்று? 1881 டிசம்பர் 31இல் கார் நிக்கோபாரருகே நிலம் நடுங்கி, எழுந்த அலை வங்கக் கடல் முழுதும் பரவியது. நாகப்பட்டினத்தில் ஒரு மீட்டருக்குச் சற்று மேல் பதிவாயிற்று. பேரழிவு இல்லாததால் நினைவும் ஆழமாக ஊன்றவில்லை என்பது எளிய விடை. அதற்கு மேலும் ஒன்று உண்டு. நிக்கோபாரின் கமோர்ட்டாத் தீவில் அதிகாரியாக இருந்து 1883இல் கொல்லப்பட்ட டேனிஷ்காரர் ரோப்ஸ்டோர்ஃப் தொகுத்த நங்கௌரி மொழி அகராதி 1884இல் கல்கத்தாவில் அச்சானது. இறந்தவர் பெயரை அங்கே வாயால் சொல்லமாட்டார்கள் என்று அவர் எழுதினார். ஒருவருக்குக் கோழி, தொப்பி, நெருப்பு, பாதை என்று பொருள்படும் பெயர் இருந்துவிட்டால், அவர் இறந்தபின் அப்பொருளுக்கும் அச்சொல்லை வழங்கமாட்டார்கள். புதுச்சொல் புனைவார்கள், அல்லது பக்கத்துத் தீவிலிருந்து கடன் வாங்குவார்கள். ஒவ்வொரு சாவும் மொழியிலிருந்து ஒரு சொல்லைக் கொண்டுபோயிற்று.

தமிழரும் சாவுச் சொல்லுக்கு அஞ்சியவர்களே. செத்தாரைத் துஞ்சினார் என்றும் சுடுகாட்டை நன்காடு என்றும் சொல்வதை மங்கல வழக்கு என்று நன்னூல் உரைகாரர்கள் வகுத்தார்கள். நாம் சொல்லை மூடி வைத்தோம்; நங்கௌரியார் துறந்தே விட்டார்கள். பெரிய அந்தமானில் மொழியே போனது. ‘போ’ மொழியின் கடைசிப் பேச்சாளர் போவா சீனியர் 2004இன் கடலுக்குத் தப்பி, 2010 ஜனவரி 26 அன்று இறந்தபோது, அவருடன் அம்மொழியில் உரையாட ஆண்டுக்கணக்காக யாரும் இருக்கவில்லை.

கடல்கோளுக்கு எதிர்ச்சொல் ஒன்று வேண்டியிருப்பதும் அந்தமானில்தான் தெரிகிறது. தெற்கே நிலம் தாழ்ந்த அதே நாளில் வட அந்தமானின் மேற்குக் கரை உயர்ந்தது. பவளப்பாறைகள் நீர்மட்டத்துக்கு மேலே வந்து வெயிலில் வெளுத்து இறந்தன. அங்கே கடல் எதையும் கொள்ளவில்லை; விட்டது, விட்டதால் கொன்றது. தெற்கே, கரையோர மண்ணைக் கிளறி மேடு கூட்டி முட்டையிடும் நிக்கோபார் மேட்டுக்கோழி மேடுகளையே இழந்து எண்ணிக்கையில் சுருங்கியது. கலத்தியா விரிகுடாவில் தோணியாமைகள் முட்டையிட்ட மணல் மறைந்து, சில ஆண்டுகளில் புதிதாகச் சேர்ந்தது. கொள்ளும் கடல் சிலவற்றைத் திருப்பியும் தருகிறது. அந்தக் கொடைக்குத் தமிழில் இன்னும் பெயரில்லை.

அகராதிக்காரர்கள் ‘கடல்கோள் – சுனாமி’ என்ற சமன்பாட்டைத் திருத்த வேண்டும். அவர்கள் எந்த ஏட்டையும் புரட்ட வேண்டியதில்லை. நாகையிலிருந்து கன்னியாகுமரிவரை எந்தக் குப்பத்திலாவது, அன்றைக்கு ஆளை இழந்த வீட்டில் பேச்சு எழும்போது கேட்டால் போதும். “சுனாமி வந்துச்சு” என்று தொடங்குவார்கள். பிள்ளையைப் பற்றிச் சொல்லும்போது வினை மாறிவிடும்: “கடல் கொண்டு போயிருச்சு.”