கறை படிந்த பற்கள் சொன்ன பாடம்

குழந்தைக்கு ஆறு வயதாகும்போது, பால் பற்களுக்குப் பின்னால் சத்தமில்லாமல் ஒரு புதுப் பல் முளைக்கும். எந்தப் பல்லும் விழாமல் முளைப்பதால், பெற்றோர் பலர் அதையும் பால் பல் என்றே எண்ணி, "விழுந்து முளைக்கும்" என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் அதுதான் நிரந்தரமான முதல் கடைவாய்ப் பல். போனால் போனதுதான்! அதன் மேற்பரப்பில் உள்ள சில பள்ளங்கள் பிரஷ்ஷின் இழைகூட நுழைய முடியாத அளவுக்குக் குறுகியவை. அங்கே தங்கும் மாவும் சர்க்கரையும் பாக்டீரியாக்களுக்கு உணவாகின்றன. அவை வெளியிடும் அமிலம் எனாமலை அரிக்கிறது. சொத்தை அங்கேதான் தொடங்குகிறது.

இதைத் தடுக்கும் வழி கண்டுபிடிக்கப்பட்ட கதை, வேடிக்கையாக, அசிங்கமான பற்களில் இருந்து ஆரம்பிக்கிறது.

1901-ல் ஃப்ரெடரிக் மெக்கே என்ற இளம் பல் மருத்துவர் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகருக்கு வந்தார். அங்கே பிறந்து வளர்ந்த பலரின் பற்களில் பழுப்புக் கறை இருந்தது. எதனால் என்று யாருக்கும் தெரியவில்லை. 1909-ல் புகழ்பெற்ற பல் ஆராய்ச்சியாளர் ஜி.வி. பிளாக் அவருடன் சேர்ந்துகொண்டார். அந்த ஊரில் பிறந்த குழந்தைகளில் ஏறத்தாழ 90 சதவீதம் பேருக்குக் கறை இருந்தது தெரியவந்தது. இன்னொரு ஆச்சரியமும் காத்திருந்தது. கறை படிந்த அந்தப் பற்கள் அவ்வளவு எளிதில் சொத்தையாகவில்லை!

1923-ல் ஐடஹோ மாநிலத்தின் ஓக்லி என்ற சிற்றூரில் இருந்து மெக்கேவுக்கு அழைப்பு வந்தது. ஒரு வெந்நீர் ஊற்றிலிருந்து குழாய் போட்டுத் தண்ணீர் கொண்டுவந்த பிறகே குழந்தைகளின் பற்களில் கறை வந்ததாகப் பெற்றோர்கள் சொன்னார்கள். அந்த நீரை விட்டு வேறு ஊற்றுக்கு மாறும்படி அவர் யோசனை கூறினார். அப்படியே செய்தார்கள். சில ஆண்டுகளில் அடுத்து வந்த குழந்தைகளின் பற்கள் கறையின்றி முளைத்தன. குற்றவாளி தண்ணீர்தான் என்பது உறுதியானது.

தண்ணீரில் என்ன இருக்கிறது என்பதை 1931-ல் கண்டறிந்தவர் அல்கோவா அலுமினிய நிறுவனத்தின் வேதியியலாளர் ஹெச்.வி. சர்ச்சில். ஃபுளோரைடு! அதே ஆண்டு டிரெண்ட்லி டீன் என்ற அரசு மருத்துவ ஆய்வாளர், எவ்வளவு இருந்தால் கறை வரும் என்று ஆராயத் தொடங்கினார். லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை பெரும்பாலோருக்குக் கறை வருவதில்லை, சொத்தையும் குறைகிறது என்று அவர் கண்டார்.

1945 ஜனவரி 25 அன்று மிச்சிகனின் கிராண்ட் ராபிட்ஸ், குடிநீரில் ஃபுளோரைடு சேர்த்த உலகின் முதல் நகரமானது. 15 ஆண்டு ஆய்வில், அதன்பின் பிறந்த குழந்தைகளிடம் சொத்தை 60 சதவீதத்துக்கும் மேல் குறைந்திருந்தது. பிறகு ஃபுளோரைடு பற்பசையும் வந்தது.

ஆனாலும் ஒரு குறை இருந்தது. ஃபுளோரைடு பல்லின் வழவழப்பான பக்கங்களை நன்றாகக் காத்தது. கடைவாய்ப் பல்லின் பள்ளங்களில் அந்த அளவுக்குப் பலிக்கவில்லை.

அதற்கும் விடை கிடைத்தது. உலோகத்தில் பெயின்ட் நன்றாக ஒட்டுவதற்குத் தொழிற்சாலைகளில் பாஸ்பாரிக் அமிலம் பூசுவதுண்டு. நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டரில் மைக்கேல் புவோனகோர் இதையே பல்லில் செய்துபார்த்தார். அமிலம் பட்ட எனாமலில் அக்ரிலிக் பிசின் உறுதியாகப் பிடித்துக்கொண்டது. இதை அவர் 1955-ல் வெளியிட்டார். 1960களில் அவரும் சக ஆய்வாளர்களும் அந்தப் பள்ளங்களையே பிசினால் மூடினார்கள். இதுதான் சீலண்ட். துளை போட வேண்டாம், ஊசி வேண்டாம், வலியும் இல்லை. சில நிமிட வேலைதான்.

இந்த வரலாறு நம் ஊருக்கும் புதிதல்ல. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். அங்கே பற்களில் கறை மட்டுமல்ல, எலும்புப் பாதிப்பும் ஏற்பட்டது. அதற்காகவே காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் தொடங்கிவைக்கப்பட்டது. ஓர் ஊரில் மருந்தாகச் சேர்த்ததை இன்னோர் ஊரில் நீக்க வேண்டியிருக்கிறது. அளவு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சல்லவா!

இன்று ஃபுளோரைடு பற்பசை எங்கும் கிடைப்பதால், குடிநீரில் சேர்ப்பதால் கிடைக்கும் கூடுதல் பயன் முன்பைவிடக் குறைவு என்று ஆய்வுகள் சொல்கின்றன. 2025-ல் அமெரிக்காவின் யூட்டா மாநிலம் அதைத் தடையே செய்துவிட்டது. தண்ணீரைப் பற்றிய விவாதம் தொடரட்டும். ஆறு வயதில் முளைக்கும் அந்தப் பல்லுக்கு அதுவரை காத்திருக்க நேரமில்லை. தினம் இருமுறை ஃபுளோரைடு பற்பசை, முளைத்தவுடன் ஒரு சீலண்ட். அறுபது வயதிலும் அந்தப் பல் முறுக்கைக் கடிக்கும்.