கைக்கேற்ற கருவி

நம் இல்லத்தில் உளூச் செய்யும் குழாயொன்று சில வாரங்களாக ஒழுகிக்கொண்டிருந்தது. பழுது சிறிது; அது இருந்த இடமோ பொல்லாதது. முகங்கழுவும் தொட்டிக்கும் சுவருக்கும் இடையே, இரண்டு விரல் மட்டும் நுழையக்கூடிய சந்தில் இருந்தது அந்த மரை. முதலில் வந்த தொழிலாளர் இருவர், "ஸ்பானர் திரும்ப இடமில்லை, தொட்டியை உடைக்க வேண்டியதுதான்" என்று கூறிச் சென்றனர். மூன்றாவதாக வந்தவர் ஒரு பெரியவர். ஒரு சாண் இரும்புக் குழாயை எடுத்து, அதன் வாயில் இரு வெட்டுகள் போட்டு, மரையின் காதுகளில் பொருந்துமாறு அராவினார். மறுமுனையில் துளையிட்டுக் கம்பியொன்றைக் குறுக்கே செருகித் திருப்பினார். மரை கழன்றது. "கடையிலே கிடைக்காத கருவியைக் கையாலே பண்ணிக்கணும் தம்பி" என்றார்; அவ்வளவே.

அவர் சென்றபின் நம் நினைவு ஒன்பதாம் நூற்றாண்டின் பக்தாதுக்குச் சென்றது.

கலீபா மஃமூனின் (813-833) ஆதரவில் வளர்ந்தவர்கள் முஹம்மது, அஹ்மது, ஹஸன் என்னும் சகோதரர் மூவர். மூஸா இப்னு ஷாகிரின் மைந்தராதலின் 'பனூ மூஸா' என வரலாறு அவர்களை அழைக்கிறது. கணிதத்திலும் வானியலிலும் வல்லவரான இவர்கள் 850ஆம் ஆண்டையொட்டி யாத்தளித்த நூல் 'கிதாபுல் ஹியல்'. கிரேக்க அறிஞர் விட்டுச் சென்ற கலையைக் கற்று, அதன்மேல் தாமும் கட்டியெழுப்பிய சுமார் நூறு சாதனங்கள் அதில் விளக்கம் பெறுகின்றன. பெரும்பாலானவை விருந்தினரை வியக்க வைக்கும் விந்தைக் கலங்களும் நீரூற்றுகளுமே. எனினும் நம் கருத்தைக் கவர்பவை வேறு இரண்டு.

ஒன்று, நீருக்கடியில் கிடக்கும் பொருளை எடுக்கும் கருவி. அரை உருளை வடிவான இரு பகுதிகள் சிப்பியைப் போல விரிந்து இறங்கும். பொருளைக் கவ்வி மூடிக்கொண்டு மேலேறும். கிணற்றில் விழுந்த வாளியை எடுக்க நம் பாட்டிமார் இரவல் வாங்கிய பாதாளக் கரண்டியின் வேலைதான். ஆனால் கொக்கியில் சிக்காத பொருளையும் இது விடாது. மற்றொன்று, நச்சுக் காற்று நிறைந்த கிணற்றில் இறங்குவோர் மூச்சுவிட உதவும் சாதனம். மேலிருந்து துருத்தியால் நல்ல காற்று ஊட்டப்படும். அரண்மனை அறிஞர் கிணற்றுத் தொழிலாளியின் மூச்சைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறார்கள்!

மூன்றரை நூற்றாண்டுகள் கழிந்தபின், தியார்பக்ரில் அர்துகீ மன்னரிடம் பணிபுரிந்த அல்ஜஸரீ, 1206இல் தம் பெருநூலை முடித்தார். ஐம்பது சாதனங்களின் அளவுகளையும் செய்முறையையும், மற்றொரு கைவினைஞர் படித்துச் செய்யுமளவுக்கு விளக்கினார். அடைப்பானையும் அது அமரும் இடத்தையும் குருந்தக்கல் பொடியிட்டு ஒன்றோடொன்று தேய்த்து, நீர் கசியாமல் பொருத்தும் முறையை அவர் எழுதியுள்ளார். இரட்டை உருளை நீரேற்றியில் உந்துதண்டின் இடைவெளியைச் சணல் கொண்டு அடைத்தார். இன்றும் நம் தெருக் குழாய்க்காரர் மரைச்சுற்றில் சணல் நூல் சுற்றக் காண்கிறோம். செய்து பார்த்துச் சரிகாணாத அறிவை அல்ஜஸரீ முழு அறிவாக ஏற்கவில்லை.

மீலாது மேடைகளில் இப்பெயர்களை நாம் பெருமையோடு முழங்குகிறோம். மேடையைவிட்டு இறங்கியதும், கையில் கறை படிந்தவரைத் திண்ணையோடு நிறுத்திவிடுகிறோம். நம் பிள்ளை அரமும் ரம்பமும் தொட்டால் முகம் சுளிக்கிறோம். இரும்பை வளைத்துக் கவசம் செய்த தாவூது நபி (அலை) அவர்களைப் போற்றும் சமுதாயத்துக்கு இது தகுமா? பனூ மூஸாவின் வாரிசுகள் யார் என்று தேடினால், அந்தப் பெரியவரின் பெயர் முன்வரிசையில் வரும். நம் பெயர் வருமா என்பதே ஐயம்.

அன்று அவருக்குக் கூலி கொடுத்தோம். உள்ளே அழைத்து உட்காரவைத்துத் தேநீர் கொடுக்கத் தவறினோம். அந்தக் குழாயில் உளூச் செய்யும்போதெல்லாம் அது நம் உள்ளத்தை உறுத்துகிறது.