கண்ணாடி எழுதிக் கொடுத்தவர் ஒலி பிடித்த கதை

நான் படித்த காலத்தில் பாடமெல்லாம் பிரெஞ்சில்தான். ஒலிப்பதிவுக்கு அந்த மொழியில் 'பிரீஸ் து சோன்' என்பார்கள். ஒலியைப் பிடித்தல் என்று பொருள். மீன் பிடிப்பது போல ஒலியையும் பிடிக்க ஒரு கைப்பழக்கம் வேண்டும் போலிருக்கிறது என்று அப்போதே எண்ணிக்கொள்வேன்.

1975-ல் கிளார்க் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, பிரான்சிலிருந்து திரும்பிய ஒரு சொல்தாவிடம் பழைய டேப் ரெக்கார்டர் ஒன்று வாங்கினேன். அம்மா பாடும் தாலாட்டைப் பதிவு செய்தேன். போட்டுக் கேட்டால் மின்விசிறிச் சத்தம்தான் பெரிதாக இருந்தது. நல்ல மைக் வாங்கக் காசு சேரட்டும் என்று கருவியைப் பரணில் ஏற்றிவிட்டேன். காசு சேர்வதற்குள் அம்மா போய்விட்டார்.

பணி ஓய்வுக்குப் பிறகு ருடி வான் கெல்டர் என்ற அமெரிக்கரைப் பற்றிப் படித்தபோது அந்தப் பரண் நினைவுக்கு வந்தது.

1924-ல் நியூ ஜெர்சி மாநிலத்தில் பிறந்தவர். பெற்றோர் துணிக்கடை வைத்திருந்தார்கள். சிறு வயதிலேயே ரேடியோவிலும் ஒலிப்பதிவிலும் பித்து. ஆனால் அது சோறு போடுமா? கண்ணைப் பரிசோதித்துக் கண்ணாடி எழுதிக் கொடுக்கும் படிப்பைப் படித்து, அதையே தொழிலாகக் கொண்டார். ஒலிப்பதிவு ஓய்வு நேரத்து வேலை.

ஹாக்கன்சாக் என்ற ஊரில் பெற்றோர் வீடு கட்டியபோது, கூடத்தை ஒட்டிச் சிறு அறை ஒன்றும் நடுவில் ஒரு கண்ணாடிச் சன்னலும் கேட்டு வாங்கிக்கொண்டார். கலைஞர்கள் கூடத்தில் வாசிப்பார்கள், இவர் அறைக்குள்ளிருந்து பதிவு செய்வார். கண்ணாடித் தொழிலில் வந்த வருமானம் கருவிகளுக்குப் போயிற்று. தேவைக்கேற்ப அவற்றைத் தாமே மாற்றிக்கொண்டார். ஒவ்வொரு வாத்தியத்துக்கும் மைக்கை எங்கே, எவ்வளவு நெருக்கத்தில் வைப்பது என்பதைச் செய்து செய்தே கற்றார்.

1953 வாக்கில் புளூ நோட் இசைத்தட்டு நிறுவனத்தின் ஆல்ஃபிரட் லயன் இவரைத் தேடி வந்தார். 1956-ல் சோனி ராலின்ஸின் 'சாக்ஸஃபோன் கொலோசஸ்', 1957-ல் ஜான் கோல்ட்ரேனின் 'புளூ டிரெயின்', இரண்டும் அந்த வீட்டுக் கூடத்தில் பதிவானவை. தெலோனியஸ் மங்க் தம் இசை ஒன்றுக்கு 'ஹாக்கன்சாக்' என்றே பெயர் வைத்தார்.

இத்தனைக்கும் 1959 வரை அவர் பகலில் கண்ணாடி எழுதிக்கொண்டுதான் இருந்தார். அந்த ஆண்டுதான் எங்கிள்வுட் கிளிஃப்ஸில் உயர்ந்த மரக்கூரையோடு தமக்கென்று ஒரு ஒலிப்பதிவுக்கூடம் கட்டி, பழைய தொழிலை விட்டார். கோல்ட்ரேனின் 'எ லவ் சுப்ரீம்' 1964 டிசம்பரில் அங்கேதான் பதிவாயிற்று. 2016-ல் 91 வயதில் காலமானார்.

அவர் ஏழை என்று சொல்ல மாட்டேன். அப்பா வீட்டுக் கூடம் இருந்தது, கையில் ஒரு தொழிலும் இருந்தது. ஆனால் தனிக் கட்டடம் வரட்டும் என்று காத்திருக்கவில்லை. இருந்த கூடத்தையே பழகிக்கொண்டார். எனக்கும் மாதச் சம்பளம் இருந்தது, வீடு இருந்தது, பாட அம்மாவும் இருந்தார். குறை காசில் இல்லை என்பது இப்போது புரிகிறது. மைக்கை அம்மாவின் அருகில் நகர்த்தி வைத்து, விசிறியை நிறுத்தியிருந்தால் போதும். அதற்கு ஒரு காசும் ஆகியிருக்காது.

உங்கள் வீட்டில் பாடக்கூடிய பெரியவர் யாராவது இருந்தால், இன்றே விசிறியை நிறுத்திவிட்டுக் கைபேசியை அவர் பக்கத்தில் வையுங்கள்.