விண்டோஸ் பாத் அமைப்பு

கமாண்ட் பிராம்ப்டில் ஒரு நிரலின் பெயரை மட்டும் தட்டினால், அதை எந்தெந்த ஃபோல்டர்களில், எந்த வரிசையில் தேடுவது என்று விண்டோஸுக்குச் சொல்லும் சூழல் மாறி, பாத். அரைப்புள்ளியால் பிரிக்கப்பட்ட ஃபோல்டர் முகவரிகளே அதன் உள்ளடக்கம். டாஸ் காலத்தில் ஆட்டோஎக்செக் கோப்பில் எழுதப்பட்டது. இன்று ரெஜிஸ்ட்ரியில், கணினி முழுமைக்கும் ஒன்று, பயனருக்கு ஒன்று என இரண்டாக இருக்கிறது. கணினிக்குரியதே முதலில் தேடப்படும்.

மென்பொருள் வேலையை நோக்கிப் பைத்தானோ ஜாவாவோ கற்கத் தொடங்குபவர் முதலில் முட்டிக்கொள்ளும் இடங்களில் பாத்தும் ஒன்று. 'இப்படியொரு கட்டளை இல்லை' என்ற பிழைச்செய்தி வந்ததும் மென்பொருளை நீக்கி மறுபடி நிறுவுவது வீண் வேலை. பெரும்பாலும் மென்பொருள் நன்றாகவே இருக்கும். அதன் ஃபோல்டர்தான் பாத்தில் இருக்காது.

முதலில் 'வேர்' கட்டளையால் நிரல் எங்கே அகப்படுகிறது என்று பார்க்க வேண்டும். பவர்ஷெல்லில் அதே சொல்லுக்கு வேறு பொருள் உண்டு, அங்கே 'வேர்.எக்ஸ்இ' என்று முழுதாகத் தர வேண்டும். பைத்தான் என்று தட்டியதும் மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் திறந்தால், விண்டோஸ் 10இன் 1903 பதிப்பில் (2019) சேர்ந்த மாற்றுப்பெயர்க் கோப்பே காரணம். அமைப்புகளில் அதை அணைத்துவிடலாம். பாத்தைத் திருத்திய பிறகும் பலன் இல்லையென்றால், திறந்திருக்கும் சாளரத்தை மூடிப் புதிதாகத் திறக்க வேண்டும். ஒரு சாளரம் தான் தொடங்கியபோது பெற்ற பாத்தையே கடைசிவரை வைத்திருக்கும்.

மிகப் பெரிய ஆபத்து 'செட்எக்ஸ்' கட்டளையில் இருக்கிறது. இருக்கும் பாத்தோடு ஒரு ஃபோல்டரைச் சேர்க்க இதைப் பயன்படுத்தினால், 1024 எழுத்துகளுக்கு மேற்பட்டதை வெட்டிவிடும். கணினியின் பாத்தையும் பயனரின் பாத்தையும் ஒன்றாகக் கலந்துவிடும். சூழல் மாறிகள் சாளரத்தில் ஒவ்வொரு முகவரியையும் தனி வரியாகச் சேர்ப்பதே சரி. அதற்கு முன் பழைய மதிப்பை நோட்பேடில் நகலெடுத்து வைக்க வேண்டும். தவறுதலாக சிஸ்டம்32 நீங்கிவிட்டால் பிங், ஐபிகான்ஃபிக்கூட இயங்காது. முழு முகவரியோடு அழைத்தால் இயங்கும்.

தமிழர்க்குத் தனியாக ஒரு சிக்கல் உண்டு. விண்டோஸில் தமிழுக்கு யூனிகோடு மட்டுமே. பழைய எட்டு பிட் குறிமுறை கிடையாது. பாத்தில் இடம்பெறும் பயனர் ஃபோல்டரின் பெயர் தமிழில் இருந்தால், யூனிகோடு அறியாத பழைய நிரல்கள் அதைக் கேள்விக்குறிகளாகவே படித்துத் தடுமாறும். ஆகவே கணக்கு தொடங்கும்போது ஆங்கில எழுத்துகளில் பெயரிடுவது பாதுகாப்பு. திரையில் தோன்றும் பெயரைப் பின்னர் தமிழில் மாற்றினாலும் ஃபோல்டரின் பெயர் மாறாது.